அசல் உத்தரின் ஜீப் பீரங்கி: 106 மி.மீ. ஆர்.சி.எல். குறித்து ஒரு மதிப்பீடு

ஜீப்பில் பொருத்தப்பட்ட 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கி, 1965, 1971 ஆகிய இரு இந்திய-பாகிஸ்தான் போர்களிலும் டாங்கிகளை எதிர்க்க இந்தியக் காலாட்படை பயன்படுத்திய முதன்மையான ஆயுதங்களுள் ஒன்றாகும். ராணுவத்தில் இதனை ‘ஆர்.சி.எல்.’ என்று சுருக்கமாகச் சொல்வர். 1965 செப்டம்பரில் அசல் உத்தர் போரில் ஹவில்தார் அப்துல் ஹமீது கையாண்ட ஆயுதம் இதுவே. அவர் பெயர் தமிழ் மாணவர்களுக்கும் நன்கு தெரியும். அவர் கையில் இருந்தது எத்தகைய ஆயுதம், அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பது பலருக்கும் தெரியாது. தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் வீரத்தைச் சொல்லி ஆயுதத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இக்கட்டுரை அந்த ஆயுதத்தின் வடிவமைப்பையும் போர்வரலாற்றையும் எடைபோடுகிறது. ஆயுதத்தைப் புரிந்துகொண்டால்தான் அந்த வீரத்தின் உண்மையான அளவு புலப்படும் என்பதே இதன் கருத்து.

டாங்கி அழிப்பான் என்னும் எண்ணம்

டாங்கியை அழிக்க இன்னொரு டாங்கிதான் வேண்டுமா என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கேள்வி. அமெரிக்க ராணுவம் ‘வேண்டாம்’ என்று விடை சொல்லி, 1941-இல் டாங்கி அழிப்புக்கென்றே தனிப்படை ஒன்றை அமைத்தது. வலிய பீரங்கி, மெல்லிய கவசம், மிகுந்த வேகம் ஆகிய மூன்றும் அதன் கொள்கை. எம்10, எம்18, எம்36 ஆகிய வண்டிகள் இந்த எண்ணத்தில் பிறந்தவை. எம்36 வண்டியில் 90 மி.மீ. பீரங்கி இருந்தது. அதன் சுழல்கோபுரத்திற்கு மேல்மூடி கிடையாது. எடையைக் குறைக்கவும் சுற்றுப்புறத்தை நன்கு பார்க்கவும் அவ்வாறு திறந்துவிட்டனர். மேலே வெடிக்கும் குண்டின் சிதறல்கள் நேராக உள்ளே விழும் என்பது அதற்குக் கொடுத்த விலை. போர் முடிந்ததும் அந்தத் தனிப்படையை அமெரிக்கா கலைத்துவிட்டது.

வண்டிகள் மட்டும் நட்பு நாடுகளின் கைக்கு வந்தன. அவ்வாறு பாகிஸ்தானுக்குக் கிடைத்த எம்36 பி2 வண்டிகள் 1965-இல் சாம்ப் பகுதித் தாக்குதலில் பேட்டன் டாங்கிகளுடன் சேர்ந்து போரிட்டன. ஆகவே 1965 போரில் டாங்கி அழிப்பான் என்ற எண்ணம் இரு தரப்பிலும் இருந்தது. ஒரு பக்கம் அது முப்பது டன்னை நெருங்கும் இரும்பு வண்டி. மறுபக்கம் அது ஒரு ஜீப். கவசமில்லாத ஜீப்பை ‘டாங்கி அழிப்பான்’ வகையில் சேர்க்கலாமா என்று கேட்பவர் உண்டு. கவசத்தை வைத்துப் பிரித்தால் சேர்க்க முடியாது. செய்யும் வேலையை வைத்துப் பிரித்தால், பதுங்கிச் சுட்டு இடம் மாறும் அந்தக் கொள்கையை மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றியது இந்த ஜீப்தான்.

வடிவமைப்பு: உதைப்பு எங்கே போயிற்று?

எம்40 என்ற பெயருடைய இப்பீரங்கி 1950-களின் நடுவில் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் குழல் விட்டம் உண்மையில் 105 மி.மீ. இதற்கு முந்தைய எம்27 பீரங்கியும் 105 மி.மீ. என்பதால், இரண்டின் குண்டுகளும் மாறிப்போகாதிருக்க இதற்கு 106 என்று பெயரிட்டனர். ‘106 மி.மீ. விட்டமுடைய குழல்’ என்று எழுதுவது பரவலான பிழை.

தாங்கியுடன் சேர்த்து இதன் எடை ஏறக்குறைய 210 கிலோ, நீளம் 3.4 மீட்டர். எம்36 வண்டியின் 90 மி.மீ. பீரங்கியில் குழல் பகுதி மட்டுமே ஏறக்குறைய ஒரு டன் எடை. இவ்வளவு குறைந்த எடையில் இவ்வளவு பெரிய குண்டைச் சுட எவ்வாறு முடிந்தது?

பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். குண்டின் எடை ஏறக்குறைய 8 கிலோ, குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். எனவே அதன் உந்தம் 8 × 500 = 4000. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இதே அளவு உந்தம் பின்னோக்கியும் வர வேண்டும். சாதாரணப் பீரங்கியைப் போல அதன் பின்பக்கம் மூடியிருந்தால், 210 கிலோ எடையுள்ள இப்பீரங்கி 4000 ÷ 210 = 19, அதாவது நொடிக்கு 19 மீட்டர் வேகத்தில் பின்னால் பாயும். மணிக்கு ஏறக்குறைய 68 கிலோமீட்டர். எந்த ஜீப்பும் இதைத் தாங்காது.

ஆகவே பீரங்கியின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டனர். தோட்டாவின் உறையில் சல்லடை போலத் துளைகள் உண்டு. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு அத்துளைகள் வழியே வெளியேறி, பின்பக்கத் திறப்புகளின் வழியாகப் பீறிடுகிறது. முன்னால் குண்டு கொண்டுசெல்லும் உந்தத்தைப் பின்னால் வாயு கொண்டுசெல்கிறது. இரண்டும் சமன்படுவதால் பீரங்கி இருந்த இடத்திலேயே நிற்கிறது. வெடிமருந்தின் ஆற்றலில் பெரும்பகுதி பின்னால் வீணாகிறது. அந்த வீணடிப்பே எடைக் குறைவுக்குக் கொடுத்த விலை.

குண்டு: உருக்குவதில்லை, துளைக்கிறது

நொடிக்கு 500 மீட்டர் என்பது டாங்கிப் பீரங்கியின் குண்டு வேகத்தில் ஏறக்குறைய பாதிதான். வேகத்தை நம்பிக் கவசத்தை உடைக்க இதனால் இயலாது. எனவே இதற்கு ‘ஹீட்’ எனப்படும் வகைக் குண்டு தேவைப்பட்டது. இக்குண்டினுள் வெடிமருந்தின் முன்முகம் கூம்பு வடிவில் குழிவாக்கப்பட்டு, அக்குழிவின் மேல் மெல்லிய உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். குண்டு கவசத்தில் மோதியதும் வெடிமருந்து வெடித்து அந்தத் தகட்டை நடுவை நோக்கி நசுக்குகிறது. நசுங்கிய உலோகம் மெல்லிய தாரையாக, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்ந்து கவசத்தைத் துளைக்கிறது.

‘ஹீட்’ என்பது ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகள். அச்சொல்லுக்கு வெப்பம் என்ற பொருளும் இருப்பதால், குண்டு கவசத்தை உருக்கிவிடுகிறது என்று பல தமிழ்க் கட்டுரைகள் எழுதுகின்றன. இது தவறு. துளைப்பது வெப்பம் அன்று, அளவிறந்த வேகத்தில் பாயும் உலோகத்தின் அழுத்தம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான பயன் கிடைக்கிறது. தாரையின் வேகம் குண்டுக்குள் இருக்கும் வெடிமருந்தால் உண்டாவது. குண்டு எவ்வளவு தொலைவு பறந்து வந்தது என்பது அதைப் பாதிப்பதில்லை. நூறு மீட்டரில் துளைப்பதை ஆயிரம் மீட்டரிலும் துளைக்கும். இப்பீரங்கியின் குண்டு ஏறக்குறைய 400 மி.மீ. எஃகைத் துளைக்க வல்லது. பேட்டன் டாங்கியின் உடற்பகுதி முன்கவசம் ஏறக்குறைய 110 மி.மீ. தடிமன் உடையது. சாய்வைக் கணக்கில் எடுத்தாலும் துளைக்கும் வலிமை போதுமானது. பட்டால் துளைக்கும் என்பதில் ஐயமில்லை. படுமா என்பதே கேள்வி.

குறி: இரண்டு குழல்கள்

வேகம் குறைந்த குண்டு ஒரு கிலோமீட்டரைக் கடக்க இரண்டு நொடிகளுக்கு மேல் ஆகும். அதன் பாதையும் நன்றாக வளையும். தொலைவைச் சிறிது தவறாகக் கணித்தாலும் குண்டு டாங்கிக்கு முன்னால் விழும் அல்லது மேலே போய்விடும். இதற்குத் தீர்வாகப் பெரிய குழலின் மேல் 12.7 மி.மீ. விட்டமுள்ள சிறிய துப்பாக்கி ஒன்றைப் பொருத்தினர். அதன் தோட்டா பெரிய குண்டின் பாதையிலேயே பறக்குமாறு வடிவமைக்கப்பட்டது. போகும் வழியில் அது ஒளிரும், பட்ட இடத்தில் வெண்புகை எழுப்பும். சுடுபவர் ஒரே குமிழை இழுத்தால் சிறிய துப்பாக்கி வெடிக்கும். டாங்கியின் மேல் புகை எழுவதைக் கண்டதும் அதே குமிழை அழுத்தினால் பெரிய குண்டு புறப்படும். கணிப்பொறியோ லேசர் கருவியோ இல்லாத காலத்தில் இது மிக எளிய, மிகச் சிறந்த ஏற்பாடு. ஏறக்குறைய 1,300 மீட்டர் வரை இவ்வாறு நம்பிக்கையுடன் சுட முடிந்தது.

குறைகள்

இந்த ஆயுதத்தின் நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பின்னால் பீறிடும் வாயுதான் பீரங்கியை ஜீப்பில் ஏற்றியது. அதே வாயுதான் அதைக் காட்டியும் கொடுத்தது. சுட்டவுடன் பின்புறம் தீப்பிழம்பும் புழுதி மண்டலமும் எழும். வறண்ட நிலத்தில் அது நெடுந்தொலைவு தெரியும். பின்னால் பல பத்து மீட்டர் வரை யாரும் நிற்க முடியாது. மூடிய அறைக்குள்ளிருந்தோ சுவரையொட்டியோ சுட முடியாது.

குறிபார்க்கும் தோட்டாவும் ஒளிர்ந்துகொண்டே போவதால், எச்சரிக்கையான டாங்கிக் குழுவினர் அது வந்த திசையை அறிந்துகொள்ளலாம். ஜீப்பில் கவசம் இல்லை. பீரங்கிக் குண்டு வேண்டாம், இயந்திரத் துப்பாக்கியே போதும். ஒரு குண்டின் தோட்டா ஏறக்குறைய 17 கிலோ என்பதால் ஜீப்பில் சிலவற்றையே ஏற்ற முடியும்.

ஆகவே இதைக் கையாள்வதற்கு ஒரே வழிதான் உண்டு. மறைவில் காத்திருக்க வேண்டும். டாங்கியின் பக்கவாட்டில் இருந்து சுட வேண்டும். சுட்டவுடன் இடம் மாற வேண்டும். ஒரே இடத்தில் நின்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை சுடுபவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்.

அசல் உத்தர், 1965

பஞ்சாபில் கேம்கரண் நகருக்கு அருகில் உள்ள சிற்றூர் அசல் உத்தர். அன்று அமிர்தசரஸ் மாவட்டத்தில் இருந்தது, இன்று தரன் தாரன் மாவட்டத்தில் உள்ளது. 1965 செப்டம்பர் 6 அன்று முன்னேறிய இந்தியாவின் 4-ஆவது மலைப் பிரிவு எதிர்பார்த்த இலக்கை அடையவில்லை. அப்பிரிவின் தளபதி மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங், படைகளைப் பின்னுக்கு இழுத்து அசல் உத்தர், சீமா ஆகிய ஊர்களைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் அரண் அமைத்தார். எதிரே வந்தது பேட்டன் டாங்கிகளைக் கொண்ட பாகிஸ்தானின் 1-ஆவது கவசப் பிரிவு.

போர்க்களத்தின் இயல்பு இங்கே முக்கியம். செப்டம்பர் மாதத்தில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. முகையூர், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்புக் கொல்லையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே நிற்பவர் வரப்பில் போகிறவரைப் பார்க்கலாம், வரப்பில் போகிறவருக்கு உள்ளே நிற்பவர் தெரியமாட்டார். தாழ்ந்த ஜீப்பும் நீண்டு மெலிந்த குழலும் அதில் மறைந்துவிடும். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள பேட்டன் மறையாது. மேலும் வயல்களில் நீரைப் பாய்ச்சிச் சேறாக்கியிருந்தனர். நாற்பது டன்னுக்கு மேற்பட்ட டாங்கிகள் அதில் சிக்கின. கண்ணிவெடிகளும் புதைக்கப்பட்டிருந்தன. தாக்கியவர்கள் குறுகிய வழிகளிலேயே வர வேண்டியதாயிற்று. பக்கவாட்டில் பதுங்கிச் சுடும் ஆயுதத்துக்கு இதைவிட ஏற்ற களம் அமையாது.

களத்தில் ஆர்.சி.எல். மட்டும் இருக்கவில்லை. பிரிகேடியர் தாமஸ் கே. தியோகராஜ் தலைமையிலான 2-ஆவது தனிக் கவசப் படையணியின் டாங்கிகள் இருந்தன. 3-ஆவது கேவல்ரியின் செஞ்சூரியன், டெக்கான் ஹார்ஸின் ஷெர்மன், 8-ஆவது கேவல்ரியின் ஏ.எம்.எக்ஸ்.-13 ஆகிய டாங்கிகள் வெவ்வேறு இடங்களில் போரிட்டன. செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. அழிக்கப்பட்டவையும் கைப்பற்றப்பட்டவையுமாக 97 டாங்கிகள் என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. கைப்பற்றப்பட்டவற்றைப் பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி வைத்தபோது அவ்விடத்துக்குப் ‘பேட்டன் நகர்’ என்ற பெயர் வந்தது.

இந்தப் பெரிய படத்தின் ஒரு பகுதியே 4-ஆவது கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் ஆர்.சி.எல். ஜீப். அதைக் குறைத்துச் சொல்லவும் கூடாது, அதுவே முழுப் போரும் என்று சொல்லவும் கூடாது.

எத்தனை டாங்கிகள்?

அப்துல் ஹமீது உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டம் தாமுப்பூரில் 1933 ஜூலை 1 அன்று பிறந்தவர். அவருடைய பதவி கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். பண்டசாலைப் பொறுப்பைச் சேர்ந்த பதவி அது. போரில் அவர் ஆர்.சி.எல். குழுவின் தலைவராக இருந்தார். மறைவுக்குப் பின் அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

வகுப்பில் இப்பாடத்தை எடுக்கும்போது மாணவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை டாங்கி சார்?” என்பதுதான். மூன்று, நான்கு, ஏழு, எட்டு என்று நூலுக்கு நூல் விடை மாறுகிறது. பரம்வீர் சக்ரா விருதுக் குறிப்பு செப்டம்பர் 10 அன்று காலை நடந்ததை மட்டும் விவரிக்கிறது. அதன்படி, டாங்கிகள் முன்னணி நிலைகளுக்குள் புகுந்துவிட்ட வேளையில் ஹமீது தம் ஜீப்பைப் பக்கவாட்டுக்குக் கொண்டுசென்றார். முன்னால் வந்த டாங்கியை வீழ்த்தினார். விரைந்து இடம் மாறி இன்னொன்றை எரியச் செய்தார். அதற்குள் எதிரிகள் அவரைக் கண்டுகொண்டு இயந்திரத் துப்பாக்கியாலும் வெடிகுண்டுகளாலும் தாக்கினர். அவர் மற்றொரு டாங்கியை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தபோது குண்டு பட்டு இறந்தார். அதாவது அந்தக் காலையில் வீழ்ந்ததாக விருதுக் குறிப்பு சொல்வது இரண்டு, மூன்றாவதை அவர் சுட்டுக்கொண்டிருந்தார். ஏழு, எட்டு என்னும் எண்கள் முந்தைய நாள்களின் நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பிற்கால நூல்கள் தருபவை.

கலைக்களஞ்சியக் கட்டுரை இவ்விரண்டையும் பிரித்து எழுத வேண்டும். விருதுக் குறிப்பு சொல்வது இது, பிற நூல்கள் சொல்வது இது என்று காட்டினால் போதும். பெரிய எண்ணைப் போட்டால்தான் வீரருக்கு மரியாதை என்ற எண்ணம் இரு வகையில் தீங்கு செய்கிறது. முதலாவது, மாணவன் வேறொரு நூலில் வேறொரு எண்ணைப் பார்க்கும்போது முழு வரலாற்றையுமே ஐயுறத் தொடங்குகிறான். இரண்டாவது, எண்ணிக்கையைப் பார்க்கும் கண் செயலைப் பார்ப்பதில்லை. ‘விரைந்து இடம் மாறி’ என்ற சொற்களில்தான் அந்த ஆயுதத்தின் முழு இலக்கணமும் இருக்கிறது. பெரும்பாலான கதைகளில் விட்டுப்போவதும் அச்சொற்களே.

ஆயுதத்தின் குறைகளை அறிந்தவர் அக்காலையை வேறுவிதமாகப் படிப்பார். ஒவ்வொரு முறை சுடும்போதும் தீயும் புழுதியும் தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஹமீதுக்குத் தெரியும். இரண்டாவது டாங்கிக்குப் பிறகு எதிரிகள் தம்மைக் கண்டுவிட்டனர் என்பதும் தெரியும். கவசமில்லாத ஜீப்பிலிருந்து மூன்றாவதை நோக்கிக் குறிபார்த்தது அறியாமையால் நடந்ததன்று. இரண்டு என்ற எண் இங்கே சிறிதாகத் தோன்றுமா?

இன்னொரு குறையும் உண்டு. ஆர்.சி.எல். ஜீப்பைத் தனியாள் இயக்குவதில்லை. வண்டி ஓட்டுபவரும் குண்டு நிரப்புபவரும் குழுவில் இருப்பர். தமிழில் வரும் கதைகளில் அவர்கள் வருவதே இல்லை. 2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சல் தலையில் ஹமீதின் உருவத்துடன் ஜீப்பும் பீரங்கியும் இடம்பெற்றன. கட்டுரைகளிலும் அவ்வளவாவது இடம் ஆயுதத்துக்கும் குழுவுக்கும் வேண்டும்.

லோங்கேவாலா, 1971

கரும்பும் சேறும் இல்லாத களத்தில் இதே ஆயுதம் என்ன செய்தது என்பதற்கு லோங்கேவாலா சான்று. 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் பாலைவனத்தில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையிலான 23-ஆவது பஞ்சாப் படைப்பிரிவின் ஒரு கம்பெனியைப் பாகிஸ்தான் டாங்கிகள் தாக்கின. அக்கம்பெனியிடம் டாங்கி இல்லை, ஜீப்பில் பொருத்திய ஆர்.சி.எல். இருந்தது. இருட்டும் மணல்மேடும் முள்வேலியும் கண்ணிவெடி பற்றிய அச்சமும் தாக்கியவர்களைத் தயங்க வைத்தன. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள் டாங்கிகளைத் தாக்கி அழித்தன.

இங்கும் பாடம் அதுவே. ஆர்.சி.எல். எதிரியைத் தாமதப்படுத்தியது, நெருங்கவிடாமல் செய்தது. போரை முடித்துவைத்தது விமானம். பகல் வெளிச்சத்தில், விமான உதவியின்றி, திறந்த மணல்வெளியில் அந்த ஜீப் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தால் ஆயுதத்தின் எல்லை விளங்கும்.

அதன் பிறகு

1965 போர் நடந்தபோது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா டாங்கி இன்னும் வெளிவரவில்லை. முதல் வண்டி வந்தது அவ்வாண்டின் இறுதியில். சொந்தமாக டாங்கி செய்யும் திறன் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இடைவெளியை நிரப்பிய ஆயுதங்களுள் ஒன்று ஆர்.சி.எல். பின்னர் ஏவுகணைகள் அந்த இடத்தைப் பிடித்தன. 1983-இல் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளுள் ஒன்றான ‘நாக்’ டாங்கிகளை அழிப்பதற்கென்றே உருவானது. அதைச் சுமக்கும் ‘நமிக்கா’ வண்டி பி.எம்.பி.-2 வண்டியின் அடிப்படையில் அமைந்தது. 2020-இல் பொக்ரானில் இறுதிப் பயனர் சோதனை நடந்தது. ஏவியபின் ஏவுகணை தானே இலக்கைத் தேடிச் செல்லும் என்பதால், சுட்டவர் உடனே இடம் மாறிவிடலாம். அசல் உத்தரில் ஒரு ஹவில்தார் உயிரைக் கொடுத்த அதே சிக்கலுக்குப் பொறியியல் கண்ட விடை இது.

மதிப்பீடு

106 மி.மீ. ஆர்.சி.எல். சிறந்த ஆயுதமா? காத்திருக்க மறைவும், சுடப் பக்கவாட்டும், விலக வழியும் இருந்த இடத்தில் அது சிறந்தது. விலை குறைவு, எடை குறைவு, துளைக்கும் வலிமை மிகுதி. அவை இல்லாத இடத்தில் அது இயக்குபவரின் உயிரை விலையாகக் கேட்கும் ஆயுதம். அசல் உத்தர் வெற்றி, நிலத்தைத் தேர்ந்த தளபதி, வயலில் பாய்ச்சிய நீர், கண்ணிவெடி, டாங்கிப் படைகள், ஆர்.சி.எல். குழுக்கள் ஆகிய அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்து பெற்றது.

இப்போரைப் பற்றித் தமிழில் எழுதும் மாணவர்கள் மூன்று கேள்விகளை முன்வைத்து எழுதலாம். அந்தப் பீரங்கி ஏன் ஜீப்பில் ஏறியது? சுட்டபின் ஏன் இடம் மாற வேண்டும்? இடம் மாற நேரமில்லை என்று தெரிந்தும் ஒருவர் ஏன் மீண்டும் சுட்டார்? முதல் இரண்டுக்கும் இயற்பியல் நூலில் விடை கிடைக்கும். மூன்றாவதற்கு விடை எந்த நூலிலும் இல்லை. முதல் இரண்டின் விடை தெரிந்தவருக்கே மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தோன்றும்.